செல் அரித்த செல்

தேசூருக்குச் சேலை எடுக்கப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று சொன்னது யார் என்பதை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வந்தவாசிப் பக்கத்துச் சின்ன ஊர். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விரிக்கிறார்களே, அதில் ஒரு பங்கு இந்தத் தெருக்களின் தறிக்குழிகளிலிருந்து வருவது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆறு சேலை. நெசவாளர் வீட்டுத் திண்ணையில் ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தி பார்த்து, பேட்டு பார்த்து, விலை பேசி முடிக்க மூன்று மணி நேரம். அத்தனை நேரமும் கார் வெட்டவெளியில் வெந்துகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் டக். செல்ஃப் எடுக்கவில்லை.

அந்த 'டக் டக்' ஒரு தகவல். ஸ்டார்ட்டர் மோட்டாரை இணைக்கும் சுவிட்சை ஒரு சிறு மின்காந்தம் இழுத்துப் பிடிக்கிறது. அதை இழுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், செத்துக்கொண்டிருக்கிற பேட்டரியால்கூட அது முடியும். சுவிட்ச் ஒட்டியதும் மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கிறது. கேட்ட நொடியில் வோல்ட்டேஜ் படுத்துவிடுகிறது, மின்காந்தம் பிடியை விடுகிறது, சுமை நீங்கியதும் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இதுவே நடக்கிறது. சத்தமே இல்லாமல் இருந்தால் ஒயர் கழன்றிருக்கலாம். டக் டக் என்றால் பெரும்பாலும் பேட்டரி.

எதிர்வீட்டில் டிராக்டர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் இருந்தான். பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, "செல்லு பூட்டுது சார்" என்றான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "செல்லா? இரும்புலயுமா செல்லு அரிக்கும்?" என்றார். வீட்டு விட்டத்தையும் தறிக் கட்டையையும் அரிக்கிற செல்லைச் சொல்கிறார் அவர். எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பட்டது. கரையான் வேலை செய்வது போலத்தான் பேட்டரிக்குள்ளும் நடக்கிறது: வெளியே ஓடு அப்படியே இருக்கும், உள்ளே பொருள் போய்க்கொண்டே இருக்கும்.

கார் பேட்டரி என்பது ஒரு பெட்டிக்குள் ஆறு அறை. அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறும் வரிசையாகச் சேர்ந்து 12.6. ஒவ்வொரு அறையிலும் இரண்டு வகைத் தகடுகள் மாறி மாறி நிற்கின்றன. ஒன்று கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த ஈயம், சாம்பல் நிறம். மற்றது ஈய டையாக்சைடு, சாக்லெட் நிறம். நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். வேதியியலுக்கு வேறெதுவும் வேண்டாம்.

இதில் மின்சாரம் 'சேமித்து' வைக்கப்பட்டிருக்கிறது என்று நாம் சொல்கிறோம், தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தது போல. அப்படி இல்லை. மின்சாரம் எடுக்கும்போது சாம்பல் தகடும் சாக்லெட் தகடும் அமிலத்தைத் தின்று, இரண்டுமே ஒரே வெள்ளைப் பொருளாக, ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலத்தில் எஞ்சுவது தண்ணீர். சார்ஜ் ஏற்றும்போது அந்த வெள்ளை கரைந்து, ஒரு பக்கம் மறுபடி ஈயமாகவும் மறுபக்கம் டையாக்சைடாகவும் படிகிறது, அமிலம் திரும்பி வருகிறது. விளக்கு பொருளை எரித்து ஒளி தருகிறது என்றால், இது தன் உடம்பையே கரைத்து மின்சாரம் தந்துவிட்டு, பிறகு அதே உடம்பைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது.

நெய்த சேலையை இரவெல்லாம் இழை இழையாகப் பிரித்து, அதே நூலைக் கொண்டு மறுநாள் அதே சேலையை நெய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? பத்து நாள் செய்யலாம். நூறு நாள்? பாவு நலியும், இழை பிசிறு விடும், ஜரிகை உதிரும். ஒவ்வொரு நாளும் சேலை சேலையாகத்தான் இருக்கும், ஆனால் நேற்றைய சேலையாக இருக்காது. பேட்டரி பழுதாவது ஒரு விபத்தோ தயாரிப்புக் குறையோ மட்டுமல்ல. பெரும்பாலும் அது வேலை செய்ததன் விளைவு.

நம் கதையில் அடுத்து நடந்தது இதுதான். பெரியவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் இருந்தது. 2012ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் ஊடை நூலின் நிறம் தெரிய விளக்கு வேண்டும். அப்போது வாங்கியது, பேட்டரி மட்டும் பிறகு ஒருமுறை மாற்றியது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். மூன்று பேர் தூக்கி வந்து கார் பக்கத்தில் வைத்தார்கள். சிவப்பு ஒயர் ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ். கறுப்பைக் கடைசியில், கார் பேட்டரியில் அல்ல, தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டினான் பையன். அவனுக்குக் காரணம் தெரியும்: சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது, கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். ஒரே திருப்பில் வண்டி கிளம்பிவிட்டது.

ஸ்டார்ட் செய்வது பேட்டரியைக் குடித்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 150 ஆம்பியர், இரண்டு நொடி: 300 ஆம்பியர்-நொடி. மணியாக்கினால் 0.083 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரி பிழியப்படுவதெல்லாம் வண்டி நிற்கும்போது. கடிகாரம், பூட்டு, அலாரம், இன்ஜின் கணினியின் நினைவு என்று எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் சொட்டிக்கொண்டே இருந்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 35ம் காலி. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனோமே, வெளியே வந்தபோது எத்தனை வண்டிகள் டக் டக் என்றன!

காலியானது மட்டும் என்றால் அது பசி, நோயல்ல. சார்ஜ் போட்டால் சரியாகிவிடும். ஆனால் பசியோடு விட்டுவைத்தால் நோயாகும். புதிதாக உண்டான ஈய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும், எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துகொள்கின்றன. பாத்திரத்தின் அடியில் சர்க்கரைப்பாகு இறுகிக் கல்கண்டாவது போல. கல்கண்டான சல்பேட் சார்ஜுக்கு மசியாது. தகட்டின் துளைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மெக்கானிக்குகள் 'சல்ஃபேட் புடிச்சிருக்கு' என்பது இதைத்தான்.

அடுத்தது உதிர்தல். ஈயம் சல்பேட்டாக மாறும்போது ஏறத்தாழ இரண்டரை மடங்கு இடம் கேட்கிறது. டையாக்சைடும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகப் பெருக்கும். திரும்பச் சுருங்கும். பெருத்துச் சுருங்கி, பெருத்துச் சுருங்கி, சாக்லெட் தகட்டின் பசை துகள் துகளாக உதிர்ந்து அடியில் சேறாகத் தேங்கும். அந்தச் சேறு ஏறி இரண்டு தகடுகளையும் தொட்டாலோ, தகடுகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பில் ஓட்டை விழுந்தாலோ அந்த அறை உள்ளுக்குள்ளேயே ஷார்ட். ஆறில் ஒன்று செத்தால் 12.6 வோல்ட் 10.5 ஆகிவிடும். 'செல் போச்சு' என்பதன் முழுப்பொருள் இது.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய எமன்: வெயில். பசையைத் தாங்கி நிற்கும் ஈயச் சட்டமும் அமிலத்தில்தான் நிற்கிறது. ப்ளஸ் பக்கத்துச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே டையாக்சைடாகி, நீண்டு, நொறுங்குகிறது. இதைத் தடுக்க வழியே இல்லை, மெதுவாக்கலாம், அவ்வளவுதான். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதி என்பது இத்துறையில் எல்லாரும் கைக்கொள்ளும் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் நாற்பதைத் தொடும், பானெட்டுக்குள் அதற்கும் மேலே. குளிர்நாட்டுக்காரர்கள் பேட்டரி பனியில் சாகிறது என்பார்கள். அங்கேகூடக் கோடையில் கொல்லப்பட்ட பேட்டரியின் பிணம்தான் பனிக்காலத்தில் கண்டெடுக்கப்படுகிறது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொலையும் பிணமும் ஒரே பருவத்தில்.

வெயில் தண்ணீரையும் குடிக்கும். குறைவது தண்ணீர் மட்டும், அமிலம் அல்ல. ஆகவே ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். 'ஆசிட் டாப்-அப்' என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீரும் ஆகாது. அதில் இருக்கும் துளி இரும்பு ஒரு தகட்டில் எலக்ட்ரானைக் கொடுத்து, மறு தகட்டில் போய் வாங்கி, திரும்ப வந்து கொடுத்து, தறி நாடா போல இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி சும்மா நின்றாலும் பேட்டரி தானே இறங்கிவிடும்.

இத்தனை வியாதி உள்ள பொருளை நூற்றறுபது ஆண்டுக்கும் மேலாக ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம்? 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டியது இது. 1881இல் கமீல் ஃபோர் பசை பூசிய தகட்டைக் கொண்டுவந்தார். 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் ஏறியதும், கைப்பிடியைச் சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் காலம் முடியத் தொடங்கியது. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இந்த விலையில் தரும் வேறு பொருள் எளிதில் அமையவில்லை. ஒரு செல்லுக்கு அந்த 2.1 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் கிடைத்தது 2011இல்தான்.

ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அவ்வளவு பலமான இழுப்பில், அதன் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் அறுபது சதவீதத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் நியூட்டன் கணக்கு செல்லாது, ஐன்ஸ்டைனின் சார்பியல் வந்துவிடும். எலக்ட்ரானின் நிறை கூடியது போலாகி, ஈயத்தின் வெளிவட்ட எலக்ட்ரான்கள்வரை அதன் விளைவு பரவுகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்தியரான ராஜீவ் அஹுஜாவும் பின்லாந்தின் பெக்கா பியூக்கோவும் சகாக்களும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட்வரை இந்தச் சார்பியல் விளைவால் மட்டுமே வருகிறது! ஐன்ஸ்டைன் சொன்னது உண்மையில்லை என்றால் நம் 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 2 வோல்ட் பேட்டரி. ஈயத்தின் சொந்தக்காரத் தனிமமான வெள்ளீயத்தில் இப்படியொரு பேட்டரி ஓடாததற்கும் இதுவே காரணம்; அதில் புரோட்டான்கள் 50தான். சார்பியல் கொள்கையைப் பார்க்கக் கருந்துளைவரை போக வேண்டாம். பானெட்டைத் தூக்கினால் போதும்.

சரி, பழுது பார்க்க முடியுமா?

அன்று ஆரணியில் ஒரு பேட்டரிக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் என் வயதுக்காரர், பேன்ட்டில் முழங்காலுக்கு மேலே சல்லடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். பேட்டரிக் கடைக்காரரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க அதுவே அடையாளம்: அமிலத் துளி காயும்போது கெட்டியாகிப் பருத்தியைத் தின்றுவிடும். பட்டும் கம்பளியும் நீர்த்த அமிலத்தைப் பருத்தியைவிடத் தாங்கும் என்பது வேடிக்கை, ஆனால் யாரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பேட்டரி கழுவப் போவதில்லை. அவர் முதலில் டெர்மினலில் பூத்திருந்த வெண்பச்சைப் பூச்சை வெந்நீர் ஊற்றிக் கழுவி, துலக்கி, வாசலின் தடவினார். பாதிப் பேட்டரிகள் இந்தப் பூச்சால்தான் வீணாகப் பழி சுமக்கின்றன என்றார். நம்புகிறேன். பிறகு ஆறு மூடிகளையும் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினார். அமிலத்தின் கனத்தை அளக்கும் மிதவை அது. முழுச் சார்ஜில் 1.26, 1.28 காட்டும், காலியானால் 1.12க்கு இறங்கும். ஆறிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பசி. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் நோய். எனக்கு மூன்றாவது அறை படுத்திருந்தது.

"அந்தக் காலமா இருந்தா பிரிச்சிடலாம் சார்" என்றார். அந்தக் காலம் என்பது கறுப்பு ரப்பர் பெட்டிக் காலம். மேலே தார் ஊற்றி அடைத்திருப்பார்கள், ஒவ்வொரு செல்லையும் இணைக்கும் ஈயப் பட்டை வெளியிலேயே தெரியும். தாரைச் சூடுகாட்டி எடுத்து, கெட்ட செல்லை மட்டும் உருவி, புதுத் தகடும் மரத் தடுப்பும் போட்டு, ஈயத்தை உருக்கி ஒட்டி, மறுபடி தார். ஊருக்கு ஊர் இதற்கு ஆள் இருந்தார்கள். அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடுவது போன்ற வேலை. இப்போது பெட்டி பிளாஸ்டிக், மூடி சூட்டில் ஒட்டியது, செல் இணைப்புகள் உள்சுவர் வழியாகப் போகின்றன. அறுத்தால் ஒட்டாது. அறுக்கவும் கூடாது, வீட்டுக் கொல்லையில் பேட்டரி உடைப்பவர்கள் மண்ணிலும் காற்றிலும் விடுவது ஈயத் தூசு. குழந்தையின் உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது.

சல்பேட் பிடித்ததற்கு வைத்தியம் உண்டு, அளவோடு. குறைந்த ஆம்பியரில் நாள்கணக்கில் சார்ஜ் விடுவது ஒன்று. அமிலத்தை எடுத்துவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சார்ஜ் ஏற்றுவது பழைய கை. அமிலம் நீர்த்திருந்தால் ஈய சல்பேட் கொஞ்சம் கூடுதலாகக் கரையும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. புதிதாகப் பிடித்தது ஓரளவு விடும். கல்கண்டானது விடாது. உதிர்ந்த பசை திரும்ப ஒட்டாது. நொறுங்கிய சட்டம் மறுபடி சேராது.

பொடி போட்டால் உயிர் வரும் என்று விற்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பொடி அரசாங்கத்தையே ஆட்டியது. ஏடி-எக்ஸ்2 என்று பெயர். உள்ளே இருந்தது பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும், அதாவது பேதிக்குக் கொடுக்கும் உப்புகள். அந்நாட்டின் தேசியத் தரநிர்ணய அலுவலகம் சோதித்து, பயனில்லை என்றது. விற்றவர் செல்வாக்கைத் திரட்டினார். 1953இல் அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினை வணிகத் துறைச் செயலர் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழ, ஆஸ்டின் திரும்ப அமர்த்தப்பட்டார். தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் பார்த்து, பொடியில் சரக்கில்லை என்றே சொன்னது. அதே 1953இல்தான் நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. பேட்டரியைப் பொடியால் அல்லாமல் வேதியியலால் பார்க்க ஓர் இடம்.

என் பேட்டரியைக் கடைக்காரர் எடைபோட்டு, அந்த விலையைப் புதியதில் கழித்துக்கொண்டார். முறைப்படி பழையதை மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2001 முதலே விதி உண்டு, 2022இல் அது விரிந்தது. எடையில் பாதிக்கு மேல் ஈயம். 327 டிகிரியில் உருகும். எத்தனை முறை உருக்கினாலும் ஈயம் ஈயமே. செல்லை அன்று தனியாகப் பிரித்துப் போட்ட வேலையை இன்று பெரிய உலை மொத்தமாகச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சேலைக்குக் குஞ்சம் கட்டி வாங்க மறுபடி தேசூர் போனபோது, நன்றிக்கு இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் கொண்டுபோனேன். பெரியவர் இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடிகளைத் திறந்துவிட்டு டார்ச் பிடித்தார். அது டியூபுலர் வகை. கார் பேட்டரி போல நொடியில் கொட்டுவதற்கல்ல, மணிக்கணக்கில் ஊற்றுவதற்கு. அப்படி ஆழமாக இறங்கி ஏறினால் பசை சீக்கிரம் உதிரும் அல்லவா? அதனால் சாக்லெட் பொருளை பென்சில் கனக் குழாய்களுக்குள் அடைத்திருப்பார்கள். அந்தக் குழாய்கள் துணி. பாலியெஸ்டர் நூலில் நெய்தவை. அமிலம் புகும், துகள் வெளியே வராது. பிளான்டே 1859இல் செய்த முதல் செல்லிலும் இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சுருட்டியது லினன் துணிதான் என்றேன்.

பெரியவருக்குப் பிளான்டேயில் அக்கறை இல்லை. "துணியா? கொழா கொழாவாவா? தச்சதா, நெய்ஞ்சதா?" என்றார்.

நெய்ததுதான், தையல் கிடையாது, வரிசையாகப் பதினைந்துக்கும் மேல் குழாய் ஒட்டினாற்போல ஒரே துணியில் வரும் என்றேன்.

டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, விரல்களைக் கோத்து, பிரித்து, மறுபடி கோத்துக் காட்டினார். "ரெண்டு பாவு போடணும். மேல ஒண்ணு கீழ ஒண்ணு. தனித்தனியா நெய்ஞ்சிக்கினே போயி, விரக்கடைக்கு ஒருவாட்டி மேல் இழைய கீழ வாங்கி கீழ் இழைய மேல வாங்கணும். அங்க ஒட்டிக்கும், நடுவுல கொழா ஆயிடும்." தறிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நாலு மிதி போதாது. எட்டு கட்டணும்."